கெட்டி என்று பெயரெடுத்த கை

அக்காவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் முதலில் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெயரை எழுதப்போவதில்லை. அவளுடைய மகள் இருக்கிறாள், பேத்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை ஆயா என்றார்கள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள் என்பதால் நான் மட்டும் அக்கா என்றேன். அவளுக்கு நான் எப்போதும் நர்ஸம்மாதான்.

அறுபதுகளின் நடுவில் நான் காரைக்குடிக்கு வேலைக்கு வந்தேன். ஒரு டாக்டர் தன் வீட்டின் முன்பக்கத்தில் நடத்திவந்த சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி அது. எட்டுக் கட்டில், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு ஆயா. சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். சிரிஞ்சுகளையும் கத்தரிகளையும் கொதிக்கவைக்கும் தட்டை அடுப்பிலிருந்து இறக்கி எடுத்துக்கொண்டு அக்கா வந்தாள். நிலைப்படியில் கால் இடறித் தட்டு சாய்ந்தது. கொதிக்கிற தண்ணீர் அவளுடைய வலது கையில் மணிக்கட்டு வரைக்கும் கொட்டியது. நான் அலறிவிட்டேன். அக்கா அலறவில்லை. தட்டை நேராக்கினாள், நிதானமாக நடந்து வந்து மேசையில் வைத்தாள், பிறகுதான் கையை உதறினாள்.

சத்தம் கேட்டு வந்த டாக்டர் தட்டைத்தான் முதலில் பார்த்தார்.

“பாத்தீகளா சிஸ்டர்? ஒரு சிரிஞ்சுகூட உடையலை. இவதான் கெட்டி!”

அந்தக் காலத்தில் சிரிஞ்சு எல்லாம் கண்ணாடி. ஒன்று உடைந்தால் இன்னொன்று மதுரையிலிருந்து வர வேண்டும். அவர் மகிழ்ச்சி எனக்குப் புரிந்தது. நான் அக்காவின் கைக்குக் களிம்பு போட்டுக் கட்டினேன். கையுறையைக் கழற்றுவது போலத் தோல் கழன்று வந்தது. அவளோ ஐந்தாம் நம்பர் கட்டிலுக்குக் கஞ்சி கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வலிக்கலையாக்கா?”

“வலிக்கலை நர்ஸம்மா. நீங்க கட்டுங்க.”

நான் அசந்துபோனேன். மூன்று வருடம் நர்ஸிங் படித்தவள், அசந்துபோய்ச் சும்மா இருந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் இந்தக் கெட்டி என்ற சொல் எல்லாவற்றுக்கும் வரும். தயிர் கெட்டி. சேலையின் சாயம் கெட்டி. வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை கெட்டி. யாருக்கும் எதையும் ஈயாத ஆளும் கெட்டி. எண்பது வயதில் கிணற்றடியில் விழுந்து எழுந்து உட்கார்ந்தவருக்குக் கெட்டி உசுரு. அக்காவுக்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் ஒட்டாமல் வெறும் கெட்டி. டாக்டர் சொல்வார், பிள்ளை பெற வந்தவர்கள் சொல்வார்கள், வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவளும் சொல்வாள். சொல்லிவிட்டு ஒரு வேலையைக் கொடுப்பார்கள். “இந்த வாளியையும் எடுத்துட்டுப் போயிரு ஆயா, நீ கெட்டியில்ல?” என்பார்கள். அவளும் எடுத்துக்கொண்டு போவாள்.

அவளுக்குச் சொந்த ஊர் மானகிரி. விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பெண். புருஷன் மலேயாவில் ஒரு கடையில் சமையல் வேலைக்குப் போனவன். இரண்டு வருடம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அவன் வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்று சிலரும், இறந்துபோய்விட்டான் என்று சிலரும் சொன்னார்கள். யாராவது அவளிடமே கேட்டால், “இருக்காக” என்பாள். எங்கே, எப்படி, யாரோடு என்று அடுத்த கேள்வி கேட்க முடியாதபடி அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொள்வாள். அழுத்தக்காரி என்று அதற்கும் ஒரு பெயர் கிடைத்தது. ஒரே ஒரு மகள். நான் வந்தபோது அதற்கு ஒன்பது வயது.

பிள்ளை பெற வருகிறவர்களை அக்கா கத்த விடமாட்டாள். இதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை. கண்டரமாணிக்கத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு ஒரு பெண் வந்திருந்தது, பதினெட்டு வயதுகூட இருக்காது. அக்கா அதன் நெற்றியில் ஈரத்துணி போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கத்தாத ஆத்தா. கத்துனா இருக்கிற தெம்பும் போயிரும். பல்லைக் கடிச்சுக் கெட்டியா இரு.”

அந்தப் பெண்ணும் சொன்னபடியே இருந்தது. அக்கா வெந்நீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனாள். நான் பக்கத்து அறையில் இன்னொருத்திக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லாததால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் தலை வெளியே வந்திருந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பிள்ளை நீலம் பாரித்திருந்தது. எப்படியோ கொடியை விடுவித்து, வாயில் ஊதி, முதுகைத் தேய்த்து, அது வீல் என்று கத்துவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு அக்காவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“அந்தப் புள்ளை கத்தியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்ல? கத்துறதுதானக்கா எனக்குச் சேதி. அதை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?”

அக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். “எனக்கு வலி எடுத்தப்ப நானும் கத்துனேன் நர்ஸம்மா. எங்க மாமியா வாயில துணியை வச்சு அமுக்குனாக. பக்கத்து வீட்டுக்காரக கேட்டா கேவலமாம். அதுலேருந்து எனக்கு அப்பிடித்தான் பழகிப்போச்சு.”

மறுநாளிலிருந்து அவள் மாறிவிட்டாள். “கத்து ஆத்தா, நல்லாக் கத்து, நர்ஸம்மா காதுல விழணும்” என்று சொல்ல ஆரம்பித்தாள். சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்தான். தன் விஷயத்தில் மட்டும்தான் கேட்கமாட்டாள்.

அவளுடைய பிடிவாதத்தால் நல்லது நடந்ததும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். நாச்சியாபுரத்திலிருந்து வந்த ஒருத்திக்கு மூன்றாவதும் பெண். மாமியார் எட்டிப் பார்த்தாள், சேலைத் தலைப்பை உதறினாள், போய்விட்டாள். புருஷன் வரவே இல்லை. மூன்று நாள் சோறு வரவில்லை. அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள், பிள்ளைக்குப் பாலும் கொடுக்கவில்லை. நான்காம் நாள் காலை முதல் பஸ்ஸில் அக்கா நாச்சியாபுரம் போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அந்தப் புருஷனே எனக்குச் சொன்னான். அக்கா அவர்கள் வீட்டுக்கு முன்னால் தெருவில் போய் நின்றிருக்கிறாள்.

“எதுக்கு நிக்கிறே?” என்று மாமியார் கேட்டாளாம்.

“ஒங்க புள்ளைய வரச் சொல்லுங்க. அவுக மகளைப் பாக்கணும்.”

“வர மாட்டான், போ.”

“சரி. வாரவரைக்கும் நிக்கிறேன்.”

சண்டை இல்லை, சத்தம் இல்லை. சித்திரை வெயில். நிழலுக்குக்கூட ஒதுங்காமல் உச்சிப்பொழுது வரைக்கும் நின்றிருக்கிறாள். தெருவில் ஒவ்வொருவராக என்ன ஏது என்று கேட்க ஆரம்பித்ததும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சாயங்காலம் அவன் கையில் தூக்குச்சட்டியோடு ஆஸ்பத்திரிப் படி ஏறினான். அக்கா அவனுக்குப் பின்னால் வந்தாள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிற மாதிரி. அந்தப் பெண் அவனைப் பார்த்து அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது.

அன்றைக்கு அக்காவின் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். செருப்புப் போடும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

“இம்புட்டுக் கொப்புளிச்சிருக்கு, சூடு தெரியலையாக்கா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை. கட்டி விடுங்க.”

இரண்டாவது முறையும் அசந்துபோய்ச் சும்மா இருந்தேன். ஊருக்கே அந்தக் கதையைச் சொல்லி, எங்கள் ஆயா எப்படிப்பட்ட கெட்டி பார்த்தீர்களா என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஆறு வருடம் இப்படியே போயிற்று. எழுபதாம் வருடம் என்று நினைவு. ஒரு மத்தியான வேளை, ஆஸ்பத்திரி அடங்கிக் கிடந்தது. இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மடித்து வைத்த துணியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. அடுத்த துணியிலும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் துணிக்குள் கிடந்த தையல் ஊசி ஒன்று அவளுடைய வலது சுண்டுவிரலில் பாதிவரை இறங்கி நிற்கிறது. அவள் மடித்துக்கொண்டே இருக்கிறாள்.

“அக்கா, கையில ஊசி.”

அவள் குனிந்து பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள். பிடுங்கிக் கீழே வைத்தாள்.

“தெரியலை” என்றாள்.

ஆறு வருடமாக வலிக்கலை, வலிக்கலை என்றுதான் சொல்லியிருக்கிறாள். தெரியலை என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கையை நீட்டச் சொன்னேன். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் லேசாக உள்ளே மடங்கியிருந்தன. முழங்கைக்குப் பின்னால், எலும்பை ஒட்டி ஓடும் நரம்பைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணமாக அது மெல்லிசாகத்தான் கைக்குத் தட்டுப்படும். அக்காவுக்குக் கொடிக்கயிறு மாதிரித் தடித்து, கெட்டியாக உருண்டது. கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் விரல்களைத் தொட்டேன்.

“தொடுறேன், தெரியுதா?”

“தொட்டீகளா?”

நர்ஸிங் படித்த காலத்தில் இந்த மாதிரி நோயாளிகள் இருந்த ஒரு வார்டில் இரண்டு வாரம் வேலை பார்த்திருக்கிறேன். இது என்ன நோய் என்பதற்கு எனக்கு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. அப்போது அதைக் குஷ்டம் என்றுதான் சொல்வார்கள். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

“எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“நீங்க வாரதுக்கு முந்தியே இங்குட்டு ரெண்டு விரல்ல தெரியாது. பெறகு கையி. இப்பக் காலு.”

“ஏன் என்கிட்டச் சொல்லலை?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன். அன்னைக்கு வெந்தப்ப நீங்கதான கட்டுனீக? படிச்சவுக, தெரியாமயா இருக்கும், நம்ம பொழப்புக் கெட்டுப்போகக் கூடாதுன்னு தெரியாத மாதிரி இருக்கீகன்னு நெனச்சேன்.”

ஆறு வருடம் அவள் என்னை அப்படி நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ தோல் கழன்ற கையைப் பிடித்துக்கொண்டு வீரத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அவளுக்கு வலியைத் தாங்குகிற மனசு இருந்தது உண்மைதான். ஆனால் அந்தக் கைக்கு வலியே இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். தாங்குகிறது, தெரியாமல் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆறு வருடத்தை வீணாக்கிவிட்டேன். வந்த புதிதில் ஒரு குண்டூசியால் குத்திப் பார்த்திருந்தால் போதும். அப்போதே இதற்கு மாத்திரை இருந்தது. அந்த விரல்கள் தப்பித்திருக்கும்.

செய்த தவறு போதாதென்று அடுத்த தவறையும் செய்தேன். நேராகப் போய் டாக்டரிடம் சொன்னேன். வைத்தியம் பார்ப்பார் என்று நம்பித்தான் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவினார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிருங்க சிஸ்டர்.”

“ஐயா, மாத்திரை ஆரம்பிச்சா…”

“இது பிரசவம் பாக்குற எடம். வெளியில தெரிஞ்சா ஒரு கட்டில்ல ஆள் படுக்காது. நான் என்ன செய்ய?” பிறகு குரலை இறக்கி, ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். “நீங்க வருத்தப்படாதீக. அவ கெட்டி. பொழச்சுக்குவா.”

அந்த நிமிடத்திலிருந்து அந்தச் சொல் எனக்கு ஆகவில்லை. ஒருத்தியைக் கைவிடுவதற்கு அதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு வெளியே நடந்தேனா என்றால், இல்லை. நோயாளியான என் அம்மா என் பொறுப்பில் இருந்தார். நான் மறுநாளும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அக்கா டாக்டரைத் திட்டவில்லை. என்னைத்தான் கேட்டாள். “அவருட்ட ஏன் சொன்னீக?”

“வைத்தியம் பாப்பாருன்னு நெனச்சேன்க்கா.”

“நீங்க நெனப்பீக. போகட்டும். எம்மகளுக்கு மட்டும் தெரியக் கூடாது. கல்யாணம் ஆகாமப் போயிரும். சத்தியம் பண்ணுங்க.”

சத்தியம் பண்ணினேன்.

அந்த நோய்க்கென்று ஒரு சின்ன வைத்தியசாலை ஊருக்கு வெளியே இருந்தது. மாதம் ஒருமுறை மாத்திரை கொடுப்பார்கள். முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரையை அவள் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. கையைப் பார்த்துக்கொள்வதில்தான் என் உயிரை வாங்கினாள். மானகிரி ரோட்டில் ஒரு அரிசி ஆலையில் நெல் அவித்துக் காயப்போடுகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். கொதிக்கிற அண்டா, காய்ந்த களம். அவளுக்கு ஆகாதது இரண்டும். நான் பழைய சேலையை மடித்து மடித்துத் தைத்துக் கைக்கு உறை மாதிரிச் செய்து கொடுத்தேன். செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கையையும் காலையும் காட்டச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் புண் இருக்கும்.

“தினம் காலையில ஒரு தடவை கையைப் பாருங்கக்கா. வலி வந்து ஒங்களுக்குச் சொல்லாது. கண்ணாலதான் பாத்துக்கணும்.”

“சரி, சரி.”

“உறை எங்க?”

“இருக்கு.”

ஒருநாள் நானே அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் ஆறு உறையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. “நல்லாத் தச்சிருக்கீக நர்ஸம்மா, அழுக்காயிரும்” என்றாள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வருடத்துக்குள் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. அதற்கும் அவள் அழவில்லை. நான்தான் பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன், கோபத்தில்.

மகளை அவள் கண்டரமாணிக்கத்தில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். தையல் படிக்கட்டும் என்று ஊருக்குச் சொன்னாள். மாமனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவரும் வாயைத் திறக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அம்மா தன்னைக் கழித்துக் கட்டிவிட்டாள் என்றுதான் அது நினைத்தது. பதினெட்டில் தேவகோட்டைப் பக்கம் ஒரு பஸ் மெக்கானிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தில் அக்கா பந்திக்குப் பின்னால், கையைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வதிக்கக் கூப்பிட்டார்கள். தலை வலிக்கிறது என்று போய்விட்டாள்.

அடுத்த வருடம் அந்தப் பெண் பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தது. பெண் குழந்தை. மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். நான் கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னேன். அவள் அசையவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலில் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். போய்விட்டாள்.

அந்தப் பெண்ணும் கட்டிலிலிருந்து இதைப் பார்த்துவிட்டாள்.

“வரமாட்டாக நர்ஸம்மா. எங்க ஆத்தாவுக்கு மனசு கெட்டி. என்னையும் இப்பிடித்தான் அங்குட்டுத் தள்ளிவிட்டாக. கல்லு மனசு.”

நான் சத்தியம் பண்ணியிருந்தேன். குழந்தையை அவள் பக்கத்தில் படுக்கவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வைத்தியசாலையில் அக்காவுக்குச் சோதனை செய்தார்கள். கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது, பேத்தியைத் தாராளமாகத் தூக்கலாம் என்று அந்த டாக்டர் என் முன்னாலேயே சொன்னார். வெளியே வந்ததும் நான் சந்தோஷமாக, “கேட்டீகளாக்கா? போவோம் வாங்க தேவகோட்டைக்கு” என்றேன்.

“அவரு சொல்லுவாரு. அவரு பேத்தியா?”

“சோதனை பண்ணித்தான சொல்றாரு?”

“ஒங்க டாக்டரும் படிச்சவருதான். அவரு கையக் கழுவலையா?”

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்த்தேன், கெஞ்சினேன், திட்டினேன். “தூக்க மாட்டேன்” என்ற ஒரே பதில்தான். மகளிடமாவது சொல்லிவிடலாம், கல்யாணம்தான் ஆகிவிட்டதே என்றேன். “அவ வாழுற வீட்டுல அவளை என்னம்பாக?” என்றாள். அதுவும் நியாயம்தான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் குழந்தைக்கு ஊசி போட வந்தது. குழந்தை என் கை விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “யாரு சாயல்னே தெரியலை” என்றாள் அந்தப் பெண். என்னால் முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெந்த கை, ஊசி, வேலை போனது, கண்டரமாணிக்கத்துக்கு அனுப்பியது, ஜன்னலுக்கு வெளியே நின்றது, எல்லாம்.

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. “இத்தனை வருசம் தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்தீக?” என்று கேட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊசிகூடப் போடாமல் கிளம்பிப் போனது.

நேராக அம்மாவின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். விஷயம் தெரிந்து வந்திருக்கிறாள் என்று புரிந்ததும் அக்கா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள். வேலை முடிந்து சாயங்காலம் நான் பதறிக்கொண்டு போனபோது மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை தூங்கியது. நான் கதவைத் தட்டினேன்.

“அக்கா, நான்தான். தெறங்க.”

அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையத்தான ஒங்ககிட்டக் குடுத்தேன்! அதைக் கெட்டியாப் பிடிச்சுக்க முடியலையா ஒங்களுக்கு? போங்க! ரெண்டு பேரும் போங்க!”

கதவு திறக்கவில்லை. அந்தப் பெண் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “அடுத்த வெள்ளிக்கிழமை வாரேன்” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனது.

சொன்னபடி வந்தது. கதவு திறக்கவில்லை. அதற்கு அடுத்த வெள்ளியும் வந்தது. நான்காவது வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை அந்தப் பெண்ணே பிறகு ஒருநாள் எனக்குச் சொன்னது. அன்றைக்குப் படியில் ஒரு துணியை விரித்து, குழந்தையை அதில் உட்காரவைத்து, “ஆத்தா, எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. புள்ளை இங்க இருக்கு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் தெருமுனைக்குப் போய் மறைந்து நின்றிருக்கிறது. குழந்தை கொஞ்ச நேரம் துணியோடு விளையாடியது. பிறகு அழுதது. பிறகு ஓரமாகத் தவழ்ந்தது. படிக்குக் கீழே சாக்கடை. அது படி விளிம்பில் கையை வைத்த நேரத்தில் கதவு திறந்தது.

“எப்பிடித் தூக்குனாக தெரியுமா நர்ஸம்மா? ரெண்டு கையிலயும் துணியைச் சுத்திக்கிட்டு” என்றாள் அந்தப் பெண். பெட்டியில் மடித்து வைத்திருந்த என் உறைகளாகத்தான் இருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னோடு மட்டும் அக்கா பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் உள்ளே போய்விடுவாள். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு நானும் நிறுத்திக்கொண்டேன். நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே ஆயிரம் முறை சொல்லிக்கொண்டேன். அவளிடம் ஒரு முறைகூடச் சொல்ல முடியவில்லை. பேத்தியைத் தூக்கினாயே, யாரால் தூக்கினாய் என்று தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போல இருக்கும்.

அதன்பிறகு மூன்று வருடம் கழித்து, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தேவகோட்டை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். முடி நன்றாக நரைத்துவிட்டது. காலில் செருப்பு இருந்தது. பக்கத்தில் பாவாடை கட்டிய சின்னப் பெண், அவளுடைய குறைந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தது. என் வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் அந்தக் குழந்தை நின்றுவிட்டது. ஊசி போடுகிறவள் என்று தெரிந்திருக்கும்.

“ஒன் பேரு என்ன பாப்பா?” என்று கேட்டேன்.

அது வாயைத் திறப்பதற்குள் அக்கா அதை மறுபக்கம் இழுத்துக்கொண்டாள். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

“அந்தம்மாட்ட எதையும் சொல்லிப்புடாத ஆத்தா. ஊருக்கே சொல்லிப்புடும்.”

தேவகோட்டை பஸ் வந்தது. குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு, கம்பியைப் பிடிப்பதற்கு முன்னால் அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு பிடித்து ஏறினாள். ஜன்னல் பக்கம் அவள் உட்காரவில்லை.